ஒரே தட்டில் வெங்காயமும் லீக்ஸும்: கோத்தகிரி வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பருவம்

டிசம்பர் கடைசியில் என் வீட்டுப் பின்புறம் நின்ற வெங்காயப் பயிரைப் பார்த்த எல்லாரும் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள். முழங்கால் உயரத் தாள், கரும்பச்சை நிறம், கட்டைவிரல் பருமனில் கழுத்து. நட்டு நாலரை மாதம் ஆகியிருந்தது. ஆசையோடு ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வேர்க்கொத்து வந்தது, வெள்ளைத் தண்டு வந்தது, அவ்வளவுதான். அடுத்த வரிசையில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றில்கூட வெங்காயம் கட்டவில்லை.

பக்கத்துப் பாத்தியில் லீக்ஸ், வெங்காயக் குடும்பத்தில் வெள்ளைத் தண்டுக்காக வளர்க்கும் காய். அதன் கதை வேறு. மணிக்கட்டு கனத்துக்குத் தடிக்க வேண்டிய செடி பென்சில் கனத்தில் நின்றது. வெள்ளைத் தண்டு ஒரு விரல் நீளத்துக்கு மேல் இல்லை. மேலே எல்லாம் நார் பாய்ந்த பச்சை இலை.

இரண்டும் ஒரே நாளில் விதைத்தவை, ஒரே மண்ணில் நட்டவை, ஒரே கை தண்ணீர் ஊற்றியது. ஏன் இப்படி ஆனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த வருஷத்தையும், அதற்கடுத்த பருவத்தில் என்ன மாற்றினேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இடமும் மண்ணும்

கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி அளவுக்கு உறைபனி விழாது. ஆனாலும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் நன்றாகக் குளிரும். நீலகிரியின் கிழக்குப் பக்கம் என்பதால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபர், நவம்பரில் சில வாரம் மண் காயவே காயாது.

1819இல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் இங்கே வந்ததிலிருந்து இந்த மலைக்கு இங்கிலீஷ் காய்கறி புதிதல்ல. கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இப்போது நினைவகமாக இருக்கிறது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் இங்கே வயலுக்கு வயல் உண்டு. வெங்காயத்தைத்தான் யாரும் பெரிதாகப் போடுவதில்லை, அது சமவெளியிலிருந்து ஏறி வருகிறது. எனக்கு அதை வீட்டிலேயே விளைவிக்க வேண்டும் என்று ஆசை.

என் தோட்டம் படிப்படியாக வெட்டிய சரிவில் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. முன்பு தேயிலை நின்ற மண், அதாவது புளித்த மண். பரிசோதனைக்குக் கொடுத்ததில் கார அமில நிலை 5.1 என்று வந்தது. வெங்காயத்துக்கு 6இலிருந்து 7 வரை இருந்தால் நல்லது. முதல் பருவத்தில் இதை நான் பரிசோதிக்கவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதல் பருவம்: 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை

இணையத்தில் வாங்கிய இரண்டு பாக்கெட். ஒன்று எய்ல்சா கிரெய்க் என்ற வெங்காய ரகம், மற்றது மசல்பர்க் என்ற லீக்ஸ். இரண்டுமே ஸ்காட்லாந்தின் பழைய ரகங்கள். எய்ல்சா கிரெய்க் அங்கே கடலுக்குள் நிற்கும் ஒரு பாறைத்தீவின் பெயர், மசல்பர்க் எடின்பரோ பக்கத்து ஊர். பாக்கெட்டின் மேல் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவில் வெங்காயப் படம். குளிர்ப்பிரதேச ரகம், நம் ஊரும் குளிர், சரியாகத்தானே வரும் என்று நினைத்தேன்.

ஜூன் இரண்டாவது வாரம் ஒரே பிளாஸ்டிக் தட்டில் இந்தப் பாதி வெங்காயம், அந்தப் பாதி லீக்ஸ் என்று விதைத்தேன். வெங்காய விதை 1 கிராமில் சுமார் 250 முதல் 300 வரை இருக்கும். நான் ஒரு முழு கிராமையும் ஒன்றரை உள்ளங்கை அகலத்தில் தூவிவிட்டேன். மண்ணோடு கலந்த மாட்டெரு முழுதாக மக்கவில்லை, கையில் எடுத்தால் வாசம் அடித்தது. மழை நனைக்கக்கூடாது என்று தட்டைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர்.

வெங்காயம் ஒன்பதாம் நாள் முளைத்தது, லீக்ஸ் பதிமூன்றாம் நாள். இந்த முளைப்பை உட்கார்ந்து பார்க்க வேண்டும். மற்ற விதைகள் போல இரண்டு இலை விரித்து வராது. ஒரு பச்சை நூல் முழங்கால் மடக்கினது போல வளைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். இரண்டு முனையும் மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஒரு முனை வேரோடு கீழே போகிறது, இன்னொரு முனை விதைக்குள் மாட்டிக்கொண்டு மிச்சச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. நாலைந்து நாளில் முழங்கால் நிமிரும்போது நுனியில் அந்தக் கறுப்பு விதைத்தோல் தொப்பி போலத் தொங்கும். அதைக் கையால் எடுத்துவிடத் தோன்றும். எடுக்கக்கூடாது, நுனி அறுந்துவிடும். நான் எடுத்துப் பத்துப் பதினைந்தை அறுத்திருக்கிறேன்.

முளைத்த பத்தாம் நாள் சாவு தொடங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் தட்டின் ஒரு மூலையில் வட்டமாக நாற்றுகள் படுத்துக் கிடந்தன. இலை பச்சையாகவே இருக்கிறது, மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு தண்ணீரில் ஊறிய நூல் போல இளைத்திருக்கிறது. மறுநாள் வட்டம் பெரிதானது. தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. ஒரு வாரத்தில் பாதித் தட்டு காலி.

மிஞ்சியதை ஆகஸ்ட் நடுவில் பிடுங்கி நட்டேன். வெளிச்சத்துக்கு ஏங்கி வளர்ந்த நாற்று தையல் நூல் போல இருந்தது. வெங்காயம், லீக்ஸ் இரண்டையும் ஒரே ஆழத்தில், ஒரு விரல் நீளம் புதைத்து, ஒரு சாணில் பாதி இடைவெளி விட்டு நட்டேன். கையில் எடுத்துப் பார்த்தால் எது வெங்காயம், எது லீக்ஸ் என்றே முதலில் தெரியாது. உற்றுப் பார்த்தால்தான் வெங்காய இலை உருளையாகவும் லீக்ஸ் இலை தட்டையாக நடுவில் மடிந்தும் இருப்பது தெரியும். பார்க்க ஒன்று போல இருக்கிறது, நடுவதும் ஒன்று போலத்தான் என்று எடுத்துக்கொண்டேன். நான் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் மூலம் இந்த ஒரு நினைப்புதான்.

அக்டோபர் மழையில் தாளில் ஊதா நிறத் திட்டு வந்தது, கொஞ்சம் அழுகியது. அதையும் தாண்டி நின்றவைதான் டிசம்பரில் எல்லாரும் பாராட்டிய பயிர்.

காரணம் தேடியது

வெங்காயம் ஏன் கட்டவில்லை? உரமா, குளிரா, மண்ணின் புளிப்பா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். தழைச்சத்து அதிகமானால் கழுத்து தடித்துக் கட்டுவது தள்ளிப்போகும் என்பது உண்மைதான். ஆனால் நூறு செடியில் ஒன்றுகூடக் கட்டாமல் போவதற்கு அது போதாது. வயலில் உரம் விழுவதில் ஏற்றத்தாழ்வு இருக்கும், ஓரத்துச் செடி நாலாவது கட்டியிருக்க வேண்டும்.

விடை பகல் நீளத்தில் இருந்தது. வெங்காயச் செடி எப்போது இலை விடுவதை நிறுத்தி அடியில் சத்தைச் சேர்க்கத் தொடங்க வேண்டும் என்பதைப் பகல் எத்தனை மணி நேரம் என்பதை வைத்தே முடிவு செய்கிறது. இலைதான் அந்த வெளிச்சக் கணக்கை வைத்துக்கொள்கிறது. குறும்பகல் ரகங்களுக்கு 11, 12 மணி நேர வெளிச்சம் போதும். நெடும்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரமாவது வேண்டும். எய்ல்சா கிரெய்க் நெடும்பகல் ரகம். அது பிறந்த ஸ்காட்லாந்தில் ஜூன் மாதப் பகல் 17 மணி நேரத்தைத் தொடும். கோத்தகிரி இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினோரு டிகிரி சொச்சத்தில். இங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலே 12 மணி 50 நிமிடத்தைத் தாண்டாது. டிசம்பரில் பதினொன்றரை மணி நேரம்தான். அந்தச் செடி தனக்கான பகல் வரும் வரும் என்று காத்துக்கொண்டு இலையாக விட்டுத்தள்ளியிருக்கிறது. குளிர் ஸ்காட்லாந்தில் இருப்பது போல இருந்தாலும், சூரியன் ஸ்காட்லாந்துச் சூரியன் இல்லையே.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று பத்துச் செடியைப் பிடுங்காமல் விட்டேன். ஜனவரிக் குளிர் பட்டு மார்ச்சில் ஆறு பூத்தண்டு விட்டன. மிச்சம் நான்கு ஜூன் கடைசி வரை தாளாகவே நின்றன.

லீக்ஸுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அது அடியில் உருண்டையாகக் கட்ட வேண்டிய பயிரே அல்ல. நாம் சாப்பிடுவது இலைகளின் அடிப்பாகம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு உண்டான தண்டை. அது நீளவும் வெளுக்கவும் வேண்டுமானால் வெளிச்சம் படாமல் மண்ணுக்குள் இருக்க வேண்டும். நான் ஒரு விரல் ஆழத்தில் நட்டேன், அது ஒரு விரல் வெளுத்தது. அதன் மேல் குற்றமே இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தது பக்கத்து வீட்டு அம்மா. இலங்கை நுவரெலியாவில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்றாக இங்கே வந்து, அரசு நிறுவனமான டேன்டீயின் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுவரெலியாப் பக்கம் லீக்ஸ் வீட்டுக்கு வீடு தெரிந்த காய். என் பாத்தியை வேலி ஓரத்திலிருந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, லீக்ஸ் கண்டை (நாற்றை) வெங்காயம் மாதிரி மேலாப்புல வச்சிருக்கீங்க?" என்றார். எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை.

இரண்டாம் பருவம்: 2023 நவம்பர் முதல்

மண்ணிலிருந்து தொடங்கினேன். ஆகஸ்டிலேயே டோலமைட் சுண்ணாம்பு போட்டுக் கொத்திவிட்டேன். தேயிலைத் தோட்டங்களில் போடும் அதே டோலமைட்தான். அது மெதுவாக வேலை செய்யும் என்பதால் நடுவதற்கு மூன்று மாதமாவது முன்னால் போட வேண்டும்.

வெங்காயத்துக்கு அர்கா நிகேதன் விதை எடுத்தேன். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம், நம் பகலுக்குக் கட்டக்கூடியது. கீழே சமவெளியில் இருப்பவர்கள் சின்ன வெங்காயத்தையும் நாற்று விட்டு வளர்க்கலாம். வழக்கமாகக் காயையே ஊன்றும் பயிர் அது என்றாலும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ (ஆன்) 5 ரகத்தை விதையிலிருந்தே கொண்டுவர முடியும். லீக்ஸுக்கு மசல்பர்க்கையே வைத்துக்கொண்டேன், ஆனால் புது பாக்கெட். வெங்காயக் குடும்பத்து விதைகளின் ஆயுள் ரொம்பக் குறைவு. ஈரக்காற்றில் வைத்தால் ஒரு வருஷத்திலேயே முளைப்பு பாதியாகிவிடும். பழைய விதையை நம்பி ஒரு பருவத்தைக் கொடுக்கக்கூடாது.

விதைத்தது நவம்பர் கடைசியில். மழை ஓயும் நேரத்தில் நாற்று நடவுக்கு வர வேண்டும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஏறிவரும் பகலில் காய் கட்ட வேண்டும் என்பது கணக்கு. இந்த முறை தனித்தனி மேட்டுப்பாத்தி, ஒரு சாண் உயரம், மேலே வளைத்த மூங்கிலில் பாலித்தீன் போர்வை. பக்கங்கள் திறந்திருக்கும், காற்று போகும். விதையைத் தூவாமல் விரலால் கோடு கிழித்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், விதைக்கு விதை ஒரு விதை அகலம் தெரிய இட்டேன். எரு முழுதாக மக்கியது, அதில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து இரண்டு வாரம் ஈரமாக மூடி வைத்திருந்தேன். நாற்றழுகலுக்குக் காரணமான பித்தியம் போன்ற கிருமிகளுக்கு நெருக்கமும் தேங்கிய ஈரமும்தான் சாப்பாடு. ஆகவே தண்ணீர் காலையில் மட்டும், மேல் மண் வெளுத்த பிறகு. மாலையில் இலை ஈரத்தோடு தூங்கப் போகக்கூடாது. ஓர் இடத்தில் நாலு நாற்று படுத்தபோது அந்தப் பிடி மண்ணோடு எடுத்து வெளியே போட்டுவிட்டுத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்தினேன். அதோடு நின்றது.

வெங்காய நாற்றை ஏழாவது வாரம், ஜனவரி நடுவில் எடுத்தேன். ஒரு சாண் சொச்சம் உயரம், கனம் தீக்குச்சியை விடக் கொஞ்சம் அதிகம். எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, போர்வையை நீக்கி வெயில் காட்டிப் பழக்கினேன். பிடுங்குவதற்கு முந்தின மாலை மட்டும் நிறைய ஊற்றினேன், வேர் அறாமல் வருவதற்காக. நட்டது 15 சென்டிமீட்டர் வரிசையில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஆழம் வேர் மறைந்து அதற்கு மேல் ஒரு நகக்கண் அளவு, அவ்வளவுதான். நட்டவுடன் பார்த்தால் அரைகுறையாகச் செருகினது போலத் தலை சாய்ந்து கிடக்கும், மனசு கேட்காமல் இன்னும் அழுத்தத் தோன்றும். விட்டுவிட வேண்டும். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் பாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டன. வெங்காயம் மண்ணின் மேல் உட்கார்ந்து பருக்க விரும்புகிற பயிர். ஆழத்தில் நட்டால் தோள் அகலாமல் சுரைக்காய்ப் பிஞ்சு போல நீளும்.

லீக்ஸை அவசரப்படுத்தவில்லை. பதினோராவது வாரம், பிப்ரவரியில், பென்சில் கனம் வந்த பிறகுதான் தொட்டேன். நடவுக்கு அந்த அம்மாவையே அழைத்தேன். உடைந்த மண்வெட்டிக் காம்பு ஒன்றைக் கூராகச் சீவிக்கொண்டு வந்தார். நன்றாகக் கொத்தி இறுகவைத்த பாத்தியில் காம்பை ஒரு குத்து, ஒரு சுழற்று, வெளியே இழுப்பு. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான குழி, சுவர் இடியாமல் நின்றது. அதில் நாற்றை வேர் மடங்காமல் இறக்கினார். வெளியே தெரிந்தது இரண்டு மூன்று இலை நுனி மட்டும். நான் பழக்கதோஷத்தில் மண்ணை அள்ளிக் குழியை மூடப் போனேன்.

"மூடாதீங்க தம்பி. தண்ணிய ஊத்துங்க, வேணும்கிற மண்ணை அதுவே இழுத்துக்கும்."

பூவாளித் தலையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் மெதுவாக ஊற்றினேன். தண்ணீர் நிறைந்து, குமிழ் விட்டு, இறங்கியபோது சுவரிலிருந்து நுண்ணிய சேறு வழிந்து வேரைச் சுற்றி அமர்ந்தது. குழி திறந்தபடியே இருந்தது. அந்த வெற்றிடத்துக்குள்தான் தண்டு தடிக்கப் போகிறது. அடுத்தடுத்த மழையும் தண்ணீரும் தானாக அதை நிரப்பிக்கொள்ளும். "எங்கம்மா இப்படித்தான் வைப்பாங்க, அங்க மழைக்குக் குழி ஒரு மாசத்துல தூந்துரும்" என்றார். செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 30. அந்த அகலம் பிறகு மண் அணைக்கத் தேவைப்பட்டது.

நாற்றின் இலை நுனியையும் வேரையும் கத்தரித்துவிட்டு நடுவது பலருடைய பழக்கம். இரண்டு வரிசையில் செய்து பார்த்தேன். இலை நறுக்கியவை முதல் வாரம் துவளாமல் நின்றன, ஒரு மாதத்தில் வித்தியாசமே தெரியவில்லை. வேர் நறுக்கியவை மட்டும் நன்றாகவே பின்தங்கின. வேர் நீளமாக இருந்து குழிக்குள் மடங்கும் என்றால் நாற்றைத் தண்ணீரில் நனைத்து விரலால் நீவி ஒரு வால் போல ஆக்கி இறக்கினால் போதும். வேரை வெட்ட வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

விளைந்தது

வெங்காயம் 140 நட்டேன். 11 பூத்தண்டு விட்டன. எவை என்று பார்த்தபோதுதான் இந்தப் பருவத்தில் நான் கற்றவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கிடைத்தது. அவை பெரும்பாலும் பாத்தியின் முதல் வரிசையில் நின்றவை. அந்த வரிசைக்கு நான் இருப்பதிலேயே கொழுத்த நாற்றாகப் பொறுக்கி நட்டிருந்தேன். வெங்காயம் ஒரு குறிப்பிட்ட கனத்தைத் தாண்டிய பிறகு குளிர் பட்டால் பூக்கத் தயாராகிவிடுகிறது, இளம் நாற்று அதே குளிரைக் கண்டுகொள்வதில்லை. ஜனவரியில் நடும் மலைத்தோட்டத்துக்குக் கொழுத்த வெங்காய நாற்று நல்ல நாற்று இல்லை. லீக்ஸில் கொழுத்ததைத்தான் முதலில் நட வேண்டும்.

பத்துச் செடி அழுகியும் வெட்டுப்புழுவுக்கும் போனது. இலைப்பேன் மார்ச் வறட்சியில் வந்து தாளை வெள்ளி பூசினது போலச் சுரண்டியது. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும் ஓரளவு அடக்கினேன். களைதான் அதிக வேலை வாங்கியது. வெங்காயத் தாள் மண்ணுக்கு நிழல் தராது, களைக்கு எப்போதும் வெயில். வேர் மேலாகவே ஓடுவதால் களைக்கொத்து போட முடியாது, கையால்தான் எடுக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை போய்ப் பார்த்தால் பத்து இருபது தாள்கள் கழுத்தில் மடிந்து சாய்ந்திருந்தன. உள்ளே புது இலை வருவது நின்று கழுத்து உள்ளே வெற்றாகிவிட்டதன் அடையாளம் அது. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையங்கள் எல்லாம் இலைகளின் அடிதான். கட்டத் தொடங்குவதற்கு முன் எத்தனை இலை விட்டதோ, கிட்டத்தட்ட அத்தனை வளையம். நாற்றுப் பருவத்தில் இரண்டு வாரம் இழந்தால் அது காயில் வளையக் குறைவாக வந்து நிற்கிறது. பாதிக்கு மேல் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் பிடுங்கினேன். 119 காய், எட்டரை கிலோ. மே மாதக் கோடைமழைக்குப் பயந்து திண்ணையில் கயிறு கட்டித் தாளோடு தொங்கவிட்டு உலர்த்தினேன்.

லீக்ஸுக்கு ஏப்ரல், மே, ஜூன் என மூன்று முறை மண் அணைத்தேன். இலை பிரியும் கவட்டைக்கு மேல் மண் ஏறினால் அடுக்குகளுக்குள் போய்விடும், பிறகு எத்தனை முறை கழுவினாலும் சாப்பிடும்போது நறநறக்கும். மூன்றாவது அணைப்புக்கு முன் ஒவ்வொரு செடிக்கும் பழைய அட்டையைச் சுற்றிக் கட்டினேன், அது நல்ல பலன் தந்தது. ஜூலையில் முதல் செடியை மண்வெட்டியால் நெம்பி எடுத்தபோது முக்கால் சாண் வெள்ளைத் தண்டு, இரண்டு விரல் சேர்த்த கனம். இது அவசரமில்லாத பயிர், வெங்காயம் போல ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. வேண்டும்போது ஒன்று என்று அக்டோபர் வரை பாத்தியிலேயே நின்றது. முதல் நாலு தண்டும் அந்த அம்மா வீட்டுக்குப் போனது. உருளைக்கிழங்கோடு சேர்த்து வதக்கி, மாசிக்கருவாட்டுக்குப் பதில் இங்கே கிடைத்த நெத்திலியை இடித்துப் போட்டு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்.

அடுத்த நவம்பருக்கு இரண்டு மாற்றம் குறித்து வைத்திருக்கிறேன். லீக்ஸை மூன்று வாரம் முன்பாக, நவம்பர் முதல் வாரமே விதைப்பது. வெங்காயத்தில் தீக்குச்சிக் கனத்து நாற்றை மட்டும் நட்டு, கொழுத்தவற்றைத் தாளுக்காகத் தனியாக ஒரு மூலையில் வைப்பது. ஆறு லீக்ஸைப் பிடுங்காமல் விட்டிருக்கிறேன். ஜனவரிக் குளிர் பட்டால் பூக்கலாம், விதை கிடைத்தால் பாக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.